நாற்பத்தோராம் கேள்வி

ஹெஸ்டர் லோவெல் அந்தத் தாளை முழுதாகக்கூடப் படிக்கவில்லை. நாலே வரிதான். படிக்கக் கூடாததைப் படித்துவிட்டோம் என்று தெரிய அந்த நாலு வரி போதுமாக இருந்தது.

லண்டனில் வக்கீல்கள் கடை விரித்திருக்கும் டெம்பிள் பேட்டையில், அவளுடைய சேம்பரில் நாற்பத்திரண்டு பாரிஸ்டர்கள். வியாபாரப் போட்டிச் சட்டம், அரசாங்கத்தின் மேல் போடும் வழக்கு, ஒழுங்குமுறை ஆணையங்களோடு மல்லுக்கட்டு, இதைத் தவிர வேறு எதையும் தொடாத கூட்டம். இந்தத் துறையில் ஆட்களே கொஞ்சம் என்பதால், ஒரே வழக்கில் வாதிக்கு ஒருவரும் பிரதிவாதிக்கு ஒருவருமாக ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருப்பது அங்கே அன்றாடச் சங்கதி. கட்சிக்காரர்கள் கேள்விப்பட்டால் வாயைப் பிளப்பார்கள். இவர்களோ அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். காகிதங்களைத் தனித்தனி அலமாரியில் பூட்டுவார்கள், கிளார்க்குகளை இரண்டு அணியாகப் பிரிப்பார்கள், படிக்கட்டில் எதிரெதிரே வந்தால் மழையைப் பற்றிப் பேசுவார்கள். இத்தனையும் பிரித்த மகானுபாவர்கள் இரண்டாம் மாடி பிரிண்டரை மட்டும் பிரிக்க மறந்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஹெஸ்டர் தன் குறுக்கு விசாரணைக் கேள்விகளை அச்சடித்து, காகிதக் கட்டை அப்படியே அள்ளிக்கொண்டு அறைக்கு வந்தாள். திங்கட்கிழமை விசாரணை. பக்கங்களைப் புரட்டும்போது நடுவில் ஒரு மின்னஞ்சல் வந்தது. தன்னுடையது என்று நினைத்தே படித்தாள்.

'மார்ச் மாத போர்டு கூட்டக் குறிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்தப் பெண் போகும்வரை கட்டணத்தைக் குறைப்போம், போனதும் ஏற்றுவோம் என்ற வரி வெளியே வர வழியில்லை. ஏப்ரல் ஒன்றிலிருந்து என்று ஹெஸ்டர் ஒத்துக்கொண்டாயிற்று. அந்த ஆட்டுக்கறிச் சாப்பாடு வீண்போகவில்லை.'

கீழே லயனல் வேரிங்கின் பெயர். எதிர்த்தரப்பின் மூத்த வழக்கறிஞர், 'அரசரின் வழக்கறிஞர்' என்ற பட்டம் வாங்கிய பெரிய கை, மூன்றாம் மாடிக்காரன். தன் ஜூனியருக்கு எழுதியது.

ஹெஸ்டர் தாளைக் கவிழ்த்து வைத்தாள். அந்தச் சாப்பாடு அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால், இன் என்கிற பாரிஸ்டர் சங்கத்துச் சாப்பாட்டுக் கூடத்தின் நீள மேஜையில், வேகவைத்த பட்டாணியும் புதினா சாஸும் சேர்த்த ஆட்டுக்கறி. எந்தத் தேதியிலிருந்து உள்ள கம்பெனிக் காகிதங்களை ஒப்படைப்பது என்று பேச்சு வந்தது. கணக்கு ஆண்டு ஏப்ரலில்தானே ஆரம்பிக்கிறது, அங்கிருந்தே தொடங்குவோம், இரண்டு பேருக்கும் தலைவலி மிச்சம் என்று லயனல் உப்பை நகர்த்திக் கொடுத்தபடி சொன்னான். எதிராளியோடு சாப்பிட்டுக்கொண்டே பாதி வழக்கை முடித்துவிடுவதுதான் அவர்களுடைய நாகரிகம். சரி என்றாள். ஒரு நிமிஷம் யோசித்திருப்பாளா? யோசிக்கவில்லை. புட்டிங் வந்துவிட்டது.

அவளை நம்பி வந்தவள் வின்னி பாஸ்கோ. கார்ன்வால் கரைக்கு அப்பால் கேரோ தீவுக்கு இரண்டு படகு விட்டவள். அதுவரை அந்தத் தடத்தில் பெரிய கம்பெனி ஒன்று வைத்ததுதான் சட்டமாக இருந்தது. வின்னி இறங்கிய ஏப்ரலிலேயே கம்பெனி கட்டணத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தது. பதினான்கு மாதத்தில் வின்னி படகுகளை விற்றாள். அடுத்த வாரமே கட்டணம் பழைய உயரத்தைத் தாண்டியது. தன்னைத் திட்டம் போட்டுத்தான் ஒழித்தார்கள் என்று நிரூபித்தால் படகுத்துறையில் அவளுக்கு மறுபடி இடம் கிடைக்கும், படகும் ஓடும். தோற்றால் அந்த ஊர் வழக்கப்படி ஜெயித்தவனின் வக்கீல் செலவையும் தோற்றவள்தான் கட்ட வேண்டும். வின்னியிடம் மிச்சம் இருந்தது துறைமுகத்தைப் பார்த்த வீடு ஒன்றுதான்.

போன வாரம்தான் அவள் ஹெஸ்டரின் அறையில் உட்கார்ந்து, பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியபடி ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். முதல் படகு ஓடுவதற்கு முன்பே, மார்ச்சில், கம்பெனியின் டிக்கெட் மேலாளர் படகுத்துறையில் அவளைப் பார்த்துச் சிரித்தானாம்.

"'இந்தக் கோடைய நல்லா அனுபவிச்சுக்க வின்னி, உனக்கு ஒண்ணே ஒண்ணுதான்'னான். மார்ச்லயே அவனுக்கு எப்படிம்மா தெரியும்? அதை மட்டும் அவங்க ஆள்கிட்ட கேளுங்க. எனக்கு அது போதும்."

ஹெஸ்டர் அதைக் குறித்துக்கொண்டாள். ஒப்படைக்கும் காகிதங்களின் தேதியை மார்ச்சுக்கு நகர்த்தச் சொல்லி மனுப் போட்டிருக்கலாம். ஆனால் கடைசி நேரத்தில் லயனலோடு மல்லுக்கு நிற்பது அநாகரிகம் என்று பட்டது. அதற்குப் பதிலாக நாற்பத்தோராம் கேள்வியாக எழுதி வைத்தாள்: ஏப்ரலுக்கு முன்னால் கட்டணக் குறைப்பைப் பற்றி உங்கள் நிறுவனத்தில் யாராவது பேசினார்களா?

இப்போது அந்தக் கேள்வியும் அந்தத் தாளும் ஒரே மேஜையில் கிடந்தன. அவள் கதவைச் சாத்திவிட்டு, இப்படிப்பட்ட தர்மசங்கடத்துக்கென்றே பாரிஸ்டர் சங்கம் வைத்திருக்கும் எண்ணைக் கூப்பிட்டாள். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். படிப்பதை நிறுத்திவிட்டீர்களா, நல்லது. எதிர்த்தரப்பு வக்கீல்களின் ரகசியக் கடிதம் அது, தாளைத் திருப்பிக் கொடுங்கள், கட்சிக்காரரிடம் மூச்சு விடாதீர்கள், அதிலிருந்து தெரிந்ததை வைத்து ஒரு அடிகூட எடுத்து வைக்காதீர்கள் என்றாள். முந்தின வாரமே எழுதிய கேள்வி ஒன்று இருக்கிறதே என்று ஹெஸ்டர் கேட்டாள்.

"அது தாள்லேர்ந்து வரலியே. தாராளமா கேக்கலாம்னுதான் எனக்குத் தோணுது. ஆனா முடிவு உங்களுது, மிஸ் லோவெல்."

லயனல் மூன்றாம் மாடியில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். தாளை வாங்கிப் பார்த்தவன் முகம் சிவக்கவும் இல்லை, வெளுக்கவும் இல்லை. இரண்டாக மடித்து மேஜை இழுப்பறையில் போட்டான். மார்ச் மாதத்தையே மடித்துப் போட்ட மாதிரி இருந்தது அது.

"எவ்வளவு தூரம் படிச்சே?"

"நாலு வரி. என்னுதுன்னு நினைச்சேன்."

"நீ சொன்னா சரி. வேற ஒருத்தியா இருந்தா போட்டோ எடுத்து வெச்சிருப்பா." ஷூவைக் காலால் துழாவினான். "ஒரு சின்ன விஷயம் ஹெஸ்டர். இனிமே நீ மார்ச்சைப் பத்தி ஏதாவது கேட்டா, பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க? நான் நினைக்க மாட்டேன், எனக்கு உன்னைத் தெரியும். மத்தவங்களைச் சொல்றேன்."

அந்தக் கேள்வியைப் போன வாரமே எழுதிவிட்டேன் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். உன் ஆட்டுக்கறியை நீயே தின்னு என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆமாம், புரிகிறது என்று தலையாட்டிவிட்டு இறங்கி வந்தாள். படிக்கட்டில் வாயெல்லாம் கசந்தது. லயனல் மேல் வந்த அருவருப்பு என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டாள்.

கீழே தலைமை கிளார்க் ரெஜ் இருந்தார். யாருக்கு எந்த வழக்கு போக வேண்டும் என்று முடிவு செய்பவர். எல்லா பாரிஸ்டர்களையும் மிஸ் என்றும் சார் என்றும் பணிவாகக் கூப்பிட்டு, எல்லாரையும் விரலில் ஆட்டுகிறவர். பெயர் சொல்லாமல், ஒரு பேச்சுக்கு என்று ஹெஸ்டர் விஷயத்தைத் தொட்டாள். ரெஜ் நிமிராமலே பதில் சொன்னார்.

"இங்க பேருதான் சோறு, மிஸ். தப்பே பண்ண வேணாம், 'அவங்களா, அது வந்து...'ன்னு ஒருத்தர் இழுத்தாப் போதும். அப்புறம் நான் எங்க போய் உங்களுக்கு வேலை பிடிக்கறது?"

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஹெஸ்டர் கேள்விகளைத் திருத்தினாள். நாற்பதைத் திருத்தினாள், நாற்பத்திரண்டைத் திருத்தினாள். நாற்பத்தொன்றை அடித்தாள், மறுபடி எழுதினாள். ஞாயிறு சாயங்காலம் ஒரேயடியாக அடித்தாள். கறை படாத கைகளோடு வழக்கு நடத்துவதுதான் நேர்மை என்று தனக்குத் தானே காதில் பூச் சுற்றிக்கொண்டாள். பயம் என்ற வார்த்தை பக்கத்திலேயே நின்றது. அதற்கு நாற்காலி போடவில்லை, அவ்வளவுதான்.

வியாபாரப் போட்டித் தீர்ப்பாயத்தில் மற்ற கோர்ட்டுகள் மாதிரி வக்கீல்கள் தலையில் விக் கிடையாது. தரைவிரிப்பும் கணினித் திரைகளும் தண்ணீர்க் குவளைகளுமாக, காப்பீட்டுக் கம்பெனி ஆபீஸ் மாதிரி இருக்கும். மேடையில் மூன்று பேர்: தலைவராக ஒரு நீதிபதி, ஒரு கணக்காளர், ஒரு பொருளாதாரப் பேராசிரியை. செவ்வாய்க்கிழமை கம்பெனியின் நிதித் தலைவர் சத்தியம் செய்துவிட்டுக் கூண்டில் உட்கார்ந்தார். ஹெஸ்டர் மூன்று மணி நேரம் அவரைப் பிழிந்தாள். டீசல் விலை, இருக்கைக் கணக்கு, கூட்டமில்லாத மாதங்கள் என்று ஒவ்வொன்றிலும் அவரை மூலைக்குத் தள்ளினாள். பின்வரிசையில் வின்னி, ஒரே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, முட்டியில் கை வைத்து முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாற்பது முடிந்தது. ஹெஸ்டர் நாற்பத்திரண்டுக்குப் போனாள்.

பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார்.

"மிஸ் லோவெல், கட்டணத்தைக் குறைச்சது ஏப்ரல் ஆறாம் தேதி. அஞ்சு நாள்ல யாரும் இப்படி முடிவெடுக்க மாட்டாங்க. அதுக்கு முன்னாடி என்ன நடந்ததுன்னு சாட்சிகிட்ட கேக்கப் போறீங்களா?"

வேறு எவளாவது அந்த இடத்தில் இருந்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். கேள்வி மேடையிலிருந்தே இறங்கி வந்து மடியில் விழுந்திருந்தது. அந்த நிதித் தலைவர் சத்தியத்தின் மேல் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பொய் சொன்னால், பொய் என்று தெரிந்த லயனல் தொழில் விதிப்படி அதை அப்படியே விட்டுவிடவும் முடியாது. ஹெஸ்டர் பக்கவாட்டில் பார்த்தாள். லயனல் அவளைப் பார்க்கவில்லை. தன் பேனா மூடியை மெதுவாகத் திருகிக்கொண்டிருந்தான்.

"இல்லை, மேடம்," என்றாள் ஹெஸ்டர். "ஏப்ரல் ஒண்ணுலேர்ந்துன்னு ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டாச்சு."

பேராசிரியை தலைவரைப் பார்த்தார். ஒத்துக்கொண்ட தேதியில் நாம் கை வைக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னார். பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

தீர்ப்பு அக்டோபரில் வந்தது. தொண்ணூற்று மூன்று பக்கம். ஹெஸ்டரின் கண் நேராக எழுபத்தோராம் பக்கத்தில் போய் விழுந்தது. வாதியை ஒழிக்கும் திட்டம் ஏப்ரலுக்கு முன்னால் இருந்ததற்கு ஆதாரம் ஏதும் இல்லை. அப்படி இருந்தது என்று மிஸ் லோவெல் வாதிடவும் இல்லை. அதை இரண்டு முறை படித்தாள். எழுதியவர்கள் ஒரு பொய்யும் எழுதவில்லை. அதுதான் அவளை அறைந்தது.

தீர்ப்பாயத் தாழ்வாரத்தில் வின்னி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றாள். வீட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அழுதிருந்தால் ஹெஸ்டருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்தம்மா வலிய வந்து கேட்டாங்களே. நீங்க ஏன் வேணாம்னீங்க?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, வின்னி. தொழில் விதி."

"அது என் கேள்விம்மா." குரலை உயர்த்தாமலே சொன்னாள். "துறையில குளிர்ல நின்னு அவன் சொன்னதைக் காதால கேட்டது நான். உங்ககிட்ட கொண்டு வந்து குடுத்தது நான். அதை வேணாங்கறதுக்கு எந்த விதி உங்களுக்கு அதிகாரம் குடுத்துச்சு?"

எந்த விதியும் கொடுக்கவில்லை. தொலைபேசியில் அந்தப் பெண் தாராளமாகக் கேட்கலாம் என்றுதான் சொல்லியிருந்தாள். ஹெஸ்டர் வாயைத் திறந்தாள். அதற்குள் கதவு திறந்து லயனல் வெளியே வந்தான். பெரிய மனசுக்காரன் தோரணையில் நேரே இவர்களிடம் வந்து, வின்னிக்கு முன்னால் லேசாகக் குனிந்தான்.

"மிஸஸ் பாஸ்கோ, உங்க வக்கீலைப் பத்தி ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். முப்பது வருஷத்துல இவ்வளவு நேர்மையான எதிராளிய நான் பார்த்ததில்லை. உங்களுக்குக் கிடைச்சது அதிர்ஷ்டம்."

வின்னி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஹெஸ்டர் என்ன சொல்லப் போகிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

எதிராளி பாராட்டினால் என்ன சொல்ல வேண்டும் என்பது பதினெட்டு வருஷப் பழக்கம். யோசிப்பதற்கு முன்பே அது ஹெஸ்டரின் வாயிலிருந்து வந்துவிட்டது.

"நன்றி, லயனல்."