வால்வுல இருந்து ஒரு சாண்

"இது ஓடுமா, இல்ல அழகுக்கு நிறுத்தியிருக்கா?"

எங்க வீட்டு மோட்டார் காரை முதல்ல பாத்த அன்னைக்கு எங்க அப்பா கேட்டது இதுதான். அப்பா பேரு பகவதிப்பெருமாள், நாகர்கோவில்ல நெல்லு மில்லு வச்சிருக்காவ. நான் வடிவாம்பாள், ஒத்தை மக. என்னைக் கெட்டினவியளுக்குத் திருவனந்தபுரத்துல வாடகைக் காரு ஓட்டம். அவிய பேரை நான் சொல்லப்பிடாது, தம்பானூர் ஸ்டாண்டுல எல்லாரும் கோமதிநாயகம்னுதான் விளிப்பாவ. கிழக்கேகோட்டைக்குப் பக்கத்துல ஒரு சந்துல எங்க வீடு. வாசல்லயே காரு நிக்கும்.

அம்பத்திமூணுல, ஆடி மாசம், ஒரு கோர்ட்டுக் கேஸுக்காக அப்பா எங்க வீட்டுல வந்து தங்கினாவ. அந்த வண்டியில மட்டும் காலு வைக்க மாட்டாவ. மழையா இருந்தாலும் குடையைப் பிடிச்சுக்கிட்டுக் கோர்ட்டுக்கு நடைதான். வண்டியைப் பிடிக்கல்ல, ஆனா மருமகன் உயிரு வேணும்லா. அதனால தினமும் காலையில அவிய புறப்படும்போது வண்டி முன்னால ஒரு விடலைத் தேங்காய் போடுவாவ. நெல்லு மூட்டை தூக்கிப் பழகின கை, தேங்காய் தூளாத் தெறிக்கும். அக்கம்பக்கத்துப் பிள்ளைய பருப்பைப் பொறுக்கிட்டு ஓடும். மிச்சத்தைக் கூட்டலாம்னு நான் வாரியலை எடுத்தா, "வெளிய போன ஆளு திரும்பி வாறதுக்கு முன்ன வாசலைப் பெருக்குவியாட்டி?"ன்னு ஒரு அதட்டு. அப்பா சொன்னா சொன்னதுதான். நானும் வாரியலைச் சாத்திட்டு வந்துருவேன்.

அப்பா வந்து ஒரு வாரம் இருக்கும், முன்பக்கம் இடது டயரு பஞ்சர். அவிய ஒட்டுப் போட்டு மாட்டினாவ. கொஞ்ச நாள்ல அதே டயரு. மறுபடியும் ஒட்டு. பிறகு போனக்காடு எஸ்டேட்டுக்குச் சவாரி போன அன்னைக்கு மலை வளைவுல வச்சு மூணாவது தடவை போச்சு. மழையில நனைஞ்சுக்கிட்டே ஸ்டெப்னியை மாட்டி மத்தியானம் வந்து சேந்த மனுஷனைப் பாக்கவே எனக்குப் பாவமா இருந்தது.

"புது டயரு நான் வாங்கித் தாறேன் மாப்ளே"ன்னாவ அப்பா. எனக்குத் தலைகால் புரியல்ல. அடுத்த பேச்சுல அது போச்சு.

"நாலும் புதுசா வாங்கித் தாறேன். வண்டியை நாகர்கோவிலுக்குக் கொண்டாங்க. மில்லுக்கு ஓட்டலாம். இவளும் எங்க கண்ணு முன்னால இருப்பா."

அவியளோ, சொந்தமாச் சவாரி பிடிச்சு, யாருக்கும் தலை சொறியாம ஓட்டுத மனுஷன். அங்க போனா மாமனார் வரும்போதெல்லாம் எழும்பி நிக்கணும். எனக்கும் போக இஷ்டமில்ல. இங்க நான் வடிவாம்பாள். அங்க மில்லுக்காரர் மக, குனிஞ்சா ஒரு கேள்வி, நிமிந்தா ஒரு கேள்வி. ஆனா புது டயருக்கு எங்க கையில வழியில்ல. பழசை நம்பி இன்னொரு தடவை மலையேறவும் பயமா இருந்தது.

"சாயந்திரம் சொல்லுதேன் மாமா"ன்னாவ அவிய. அந்தக் குரலைக் கேட்டதுமே பாதி சம்மதிச்சாச்சுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

முற்றத்துல அந்தச் சக்கரத்தைப் போட்டு, டயரை ஒரு பக்கம் மட்டும் நெம்பி, டியூபை வெளிய இழுத்துப் போட்டிருந்தாவ. எனக்கு ஒரு குணம். எந்தச் சாமானைப் பாத்தாலும் புரட்டிப் பாக்காம கை நிக்காது. கல்யாணத்துக்கு வந்த கடிகாரத்தையே கழட்டிப் பாத்து ஏச்சு வாங்கினவ நான். டியூபைத் தூக்கி அண்டாத் தண்ணியில முக்கினேன். பழைய ஒட்டு ரெண்டும் கெட்டியா இருந்தது. அதுக்கு ஒட்டினாப்புலயே புதுசாக் குமிழி வந்தது. வால்வுல இருந்து கையை வச்சு அளந்தேன், ஒரு சாண். மூணு ஓட்டையும் அந்த ஒரே இடம்தான்.

"இந்தாருங்க, ஊருல உள்ள ஆணியெல்லாம் இந்த ஒரு இடத்தைத் தேடி வந்தா குத்தும்?"

"ரப்பர் அங்க நைஞ்சு போயிருக்கும்"னாவ அவிய.

"வண்டிக்குக் கெட்ட நேரம். அது சாண் போட்டா பாக்கும்?" இது அப்பா.

நைஞ்சிருந்தா ஒட்டுல்லா முதல்ல கழரணும்? ஒட்டு கல்லு மாதிரி இருக்கே. "குத்துதது ரோட்டுல இல்ல, டயருக்குள்ள இருக்கு"ன்னேன். "உள்ள தடவிப் பாத்தியளா?"

"ரெண்டு தடவையும் துணி வச்சுத் தொடைச்சேனே. ஒண்ணும் தட்டுப்படல்ல."

விடுவேனா நான். வால்வு வாற ஓட்டை சக்கரத்துல தெரிஞ்சுது. அங்க இருந்து ஒரு சாண் தள்ளி டயருக்குள்ள விரலை விட்டுத் தடவினேன். வழவழன்னு இருந்தது. அந்தப் பக்கமும் ஒரு சாண் பாத்தேன், அங்கேயும் ஒண்ணுமில்ல. அப்பா வெத்திலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டே, "ஆராய்ச்சி முடிஞ்சுதா?"ன்னு கேட்டாவ. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்தது.

அப்பதான் அவிய எழும்பி வந்தாவ. "கொஞ்சம் இரு. வண்டி நிக்கும்போது டயரு மேல பாரம் இருக்கும்லா?" முட்டியை வெளிப்பக்கமா வச்சு டயரை ஒரு அமுக்கு அமுக்கினாவ. விரல்ல சுள்ளுன்னு ஏறிச்சு. கையை உருவினா ரத்தம். அமுக்கினாத்தான் தலையை நீட்டுது, விட்டா ரப்பருக்குள்ள ஒளிஞ்சிருது.

அவிய குறடால பிடிச்சு இழுத்து, வேட்டி முனையில தொடைச்சுக் காட்டினாவ. ஆணி இல்ல, முள்ளும் இல்ல. கறுப்பா, ஊசி மாதிரி கூரா, ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டு.

அவிய என்னைப் பாத்தாவ. நான் அப்பாவைப் பாத்தேன். வாசல்ல காலையில உடைச்ச தேங்காய்ச் சில்லு இன்னும் அப்படியே கிடந்தது. தினமும் அது மேலதான் வண்டி போறதும், சாப்பாட்டுக்குத் திரும்பி வாறதும்.

அப்பா அந்தத் துண்டை வாங்கி உள்ளங்கையில வச்சு ரொம்ப நேரம் பாத்தாவ.

"மலையில டயரு போனப்ப வண்டி எந்தப் பக்கம் இழுத்துது மாப்ளே?"

"பள்ளத்துப் பக்கம் மாமா."

அதுக்குப் பிறகு அப்பா புது டயரு பேச்சையும் எடுக்கல்ல, அன்னைக்குச் சாப்பிடவும் இல்ல. அவிய டியூபுக்கு ஒட்டுப் போட்டு, டயரு உள்ள ஓட்டை மேல பழைய ரப்பரை வெட்டி ஒட்டி, சக்கரத்தை அதே இடத்துல மாட்டினாவ. சாயந்திரம் சொல்லுதேன்னாவளே, அதை அவியளும் சொல்லல்ல, அப்பாவும் கேக்கல்ல. இந்த ஒட்டு நிக்குமா, அப்பா விடுவாவளான்னு எனக்கு மட்டும் அடிச்சுக்கிட்டே இருந்தது.

கோர்ட்டு வேலையும் முடிஞ்சிருந்தது, மறுநாள் விடியக்காலையில அப்பா ஊருக்குப் புறப்பட்டாவ. பாத்தா, கையில தேங்காய். இன்னுமா திருந்தல்லன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. ஆனா வண்டி முன்னால போகல்ல. பின்னால கிணத்தடிக் கல்லுல போட்டு உடைச்சாவ. பிறகு, "வாரியல் எங்கட்டி?"ன்னாவ.

எங்க வீட்டு ஆம்பிளைய வாரியலைத் தொட்டு நான் பாத்ததில்ல. அப்பா வேட்டியை மடிச்சுக் கெட்டி, கிணத்தடியைப் பெருக்கினாவ. வாசலைப் பெருக்கினாவ. சந்து முனை வரைக்கும் குனிஞ்சு குனிஞ்சு பெருக்கிக்கிட்டே போனாவ. திரும்பி வந்து கையைக் கழுவிட்டு, கார் முன்கதவைத் திறந்து ஏறி உக்காந்தாவ. அந்த இடது டயருக்கு நேர பக்கத்து சீட்டுல.

"பஸ் ஸ்டாண்டுக்கா மாமா?" அவியளுக்கு நம்ப முடியல்ல.

"பஸ் எதுக்கு? நாகர்கோவிலுக்கு விடுங்க."

சரிதான், ஒண்ணும் மாறல்ல, கையோட கூட்டிட்டுப் போகப் போறாவ. ஒரு வார்த்தை பேசாம பின்கதவைத் திறந்தேன்.

அப்பா திரும்பிப் பாத்தாவ. "நீ எங்கட்டி ஏறுத? உள்ள போயி சோலியைப் பாரு. மாப்ளை ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துருவாரு."

வண்டி சந்து முனை திரும்புத வரைக்கும் அப்பா தலையை வெளிய நீட்டி டயரையே பாத்துக்கிட்டுப் போனாவ. நான் வாசல்ல நின்னு அழுதேன், அப்புறம் வாரியலை எடுத்து மூலையில சாத்தி வச்சேன்.