கவுச்சி போன எலும்பு

குன்னூர் மார்க்கெட்டில் டீத்தூள் கடை வைத்திருக்கும் தாவூத்துக்கு, மகள் கடற்பசுவை ஆராய்ச்சி செய்கிறாள் என்பதே பெரிய வேடிக்கை. மலையில் பிறந்தவளுக்குக் கடலில் என்ன வேலை என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சலித்துக்கொள்வார்.

இந்த முறை நாஜ்னீன் தொண்டிக் கடற்கரையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்திருந்தாள். மறுநாள் பெங்களூர் லேபுக்குப் போக வேண்டும். பையில் ஒரு டப்பா. அதில் கடற்பசுவின் தாடையெலும்பை நறுக்கிய சில்லுகள். அந்தக் கடலில் அவை கூட்டங்கூட்டமாக மேய்ந்த காலத்து எலும்பு, ஒரு மீனவர் வீட்டுப் பரணில் கிடந்தது. தின்ற தீனியின் அடையாளம் எலும்பில் தங்கிவிடும். அதிலுள்ள கரியணுக்களில் கனமானது எவ்வளவு, லேசானது எவ்வளவு என்று இயந்திரம் பிரித்துக் காட்டினால், எதை மேய்ந்தது என்று தெரிந்துவிடும். இப்போது செத்து ஒதுங்குகிறவற்றின் எலும்புகள் அவளிடம் இருந்தன. தீனி கெட்டுத்தான் அவை அழிகின்றனவா என்று ஒப்பிட்டுச் சொல்ல, நன்றாகத் தின்று வாழ்ந்த ஒன்று வேண்டும். வருஷக்கணக்காக அலைந்து கிடைத்தது இது ஒன்றுதான்.

காலையில் எழுந்து பார்த்தால் டப்பா அடுப்படியில் கழுவிக் கவிழ்த்திருந்தது. சில்லுகள் ஒரு தட்டில் கருஞ்சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"அத்தா, இதை என்ன பண்ணுனீங்க?"

"ஒரே கவுச்சி கண்ணு. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்க உன்னையத்தான ஏசுவாங்க? அதான் மீன் சட்டிக்குப் பண்றாப்புல டீத்தண்ணில கொதிக்க வெச்சு, ராத்திரி பூரா ஊறப் போட்டேன். நம்ம கடையிலயே ஒசந்த தூளு. மோந்து பாரு."

ஒரு வார்த்தை கேட்டுச் செய்யலாமே என்று இந்த மனுஷருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. நாஜ்னீன் மோந்து பார்த்தாள். தோலைப் பதப்படுத்தும் கடுக்காய் மாதிரித்தான் டீயின் துவர்ப்பும். இயந்திரம் அளக்க வேண்டிய எலும்பின் சத்தோடு ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுக்க முடியாது. ஆத்திரமாக வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது அழுகையாகிவிட்டது.

"ஏங்கண்ணு, கெட்டுப்போச்சா?"

"இனி மெஷின்ல வெச்சா, இந்தக் கடற்பசு டீ எலைய மேஞ்சுதுன்னு சொல்லும்ங்கத்தா."

தாவூத் சிரித்துவிட்டார். மகள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"வேற எலும்பு வாங்கிக்கலாம்ல? நானே தொண்டிக்குப் போயி கேக்கறேன்."

"வேற இல்லீங்கத்தா."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தார். ஒவ்வொரு சில்லாக விரலால் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தார்.

"விடுங்கத்தா," என்றாள்.

அவர் விடவில்லை. தண்ணீர் தெளிவாகத்தான் ஓடியது. சில்லுகளின் நிறம் போகவில்லை.