நாய்க்கு முன்னால் வந்த குரைப்பு

மனிதனை மற்ற உயிர்களுக்கு மேலாக நிறுத்துவது முடிவெடுக்கும் ஆற்றல் ஒன்றுதான். யானைக்குப் பலம் உண்டு, எறும்புக்கு உழைப்பு உண்டு, ஆனால் நின்று சிந்தித்துத் தீர்மானிக்கிற பெருமை மனிதனுக்கு மட்டுமே வாய்த்தது. இப்படிச் சொன்னவர் எங்கள் கட்டடத்தின் நாலாம் மாடியில் குடியிருந்தார். கம்பெனி அதிகாரிகளை ஓட்டல் கூடங்களில் உட்காரவைத்து, சட்டென்று முடிவெடுப்பது எப்படி என்று வகுப்பு நடத்துவது அவர் தொழில். அவர் வீட்டில் நாய் வளர்க்கலாமா வேண்டாமா என்ற பேச்சு முடிவதற்குள், நாயின் குரைப்பு மட்டும் தனியாக வந்து சேர்ந்துவிட்டது. வாசல் மணி அடித்தது, தண்ணீர் கேன் போடுகிறவர் நின்றார், செருப்பு அலமாரிக்குப் பின்னாலிருந்து இரண்டு குரைப்பு கேட்டது. அலமாரிக்குப் பின்னால் ஒரு பழைய குடை இருந்தது. வேறொன்றும் இல்லை.

கட்டடத்தில் அவருக்கு முடிவு சார் என்று பெயர். அவர் வீட்டில் எந்த விஷயமும் குடும்பக் கூட்டத்தில்தான் தீரும், அதாவது தீராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, அவர் டையைக் கட்டிக்கொண்டு தலைப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து, கரண்டியால் டம்ளரைத் தட்டுவார். கூட்டம் தொடங்கியதாக அர்த்தம். மனைவி, பெரியவன், சின்னவள் மூன்று பேரும் கையைத் தூக்கி அனுமதி வாங்கித்தான் பேச வேண்டும். எல்லாருக்கும் ஒரு ஓட்டு, தலைவருக்கு மட்டும் ஓட்டோடு சேர்த்து ஒத்திவைக்கும் உரிமை. திரைச்சீலைக்கு என்ன நிறம் என்பது பெரியவன் தவழ்ந்த காலத்தில் ஒத்திவைக்கப்பட்டது. அந்த வீட்டு ஜன்னல்களில் இன்றுவரை பழைய போர்வைதான் தொங்குகிறது.

நாய்ப் பேச்சை ஆரம்பித்தவள் சின்னவள். அப்போது இரண்டாம் வகுப்பு. அப்பாவுக்கு ஓட்டல் கூடம், அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையம், அண்ணனுக்குப் பள்ளி விட்டதும் பந்து. அதனால் கழுத்தில் சாவியைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு மதியம் தனியாக வந்து கதவைத் திறக்கிறவள் அவள்தான். கதவுக்கு அந்தப் பக்கம் யாராவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று கூட்டத்தில் கையைத் தூக்கிச் சொன்னாள். வேறு காரணம் எதுவும் சொல்லத் தெரியவில்லை. வெளியூரில் லேத் பட்டறை வைத்திருந்த அவள் தாய்மாமன், பட்டறையில் ஈன்ற குட்டிகளில் காது மடங்கிய பழுப்புக் குட்டி ஒன்றை உங்களுக்கென்று ஒதுக்கியாயிற்று, சரி என்றால் கூடையில் போட்டு எடுத்து வருகிறேன் என்று போனில் சொன்னார். முடிவு சார் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவசரப்பட்டு எடுக்கிற முடிவு முடிவே இல்லை என்றார். அன்று காலையில்தான் அவர் ஒரு சிமெண்ட் கம்பெனி அதிகாரிகளுக்கு இதற்கு நேர்மாறாக வகுப்பு எடுத்துவிட்டு வந்திருந்தார்.

முடிவு சாரின் வீட்டுக்காரம்மா அந்தக் கூட்டத்தில் எதிர்த்து ஓட்டுப் போட்டார், ஒளிக்காமல் காரணமும் சொன்னார். "சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டு போட்டோ எடுக்க மூணு பேர் இருக்கீங்க. கக்கா அள்ள நான் ஒருத்தி." பதில் இல்லாத பேச்சு என்பதால் முடிவு சார் அதை ஆழமான கருத்து என்று பாராட்டி, ஒத்திவைத்தார்.

அதற்குப் பிறகுதான் குரைப்பு வந்தது. முடிவு சார் அது பக்கத்து வீட்டு டிவி என்றார். பக்கத்து வீட்டில் டிவி கெட்டுப்போய்க் கிடந்தது. அதே வாரம் மாமா போனில், குட்டி நல்லா இருக்கு, வாயைத் திறக்குது மூடுது, சத்தம்தான் வரமாட்டேங்குது என்று சொன்னதைத் தற்செயல் என்றார். குரைப்பு நாலாம் மாடிக்கு வந்து குடியேறிவிட்டது என்பது மூன்றாம் மாடிக்காரர்களுக்குக்கூடப் புரிந்தது. மணி அடித்தால் குரைத்தது, கூரியர்காரரைப் பார்த்துக் குரைத்தது, மதியம் சின்னவள் சாவியைத் துளையில் விட்டதும் கதவுக்கு அந்தப் பக்கம் சந்தோஷத்தில் கீச்சுக் குரலில் குரைத்தது. அவள் உள்ளே போய்க் குனிந்து கையை நீட்டினால் காற்றுதான் இருக்கும். காற்றைத் தடவிவிட்டுச் சோறு சாப்பிடப் போவாள்.

மூன்றாம் வகுப்பில் அவளுக்கும் அண்ணனுக்கும் பொறுப்புத் தேர்வு வைக்கப்பட்டது. ஒரு செடியை வாடாமல் வளர்த்துக் காட்டினால் நாயைப் பற்றி யோசிக்கலாம். செடி ஜன்னலைத் தாண்டி ஐந்தாம் மாடிக்காரரின் துணிக்கொடியில் ஏறியது. செடிக்குத் தடுப்பூசி கிடையாது, எனவே இது நிரூபணமாகாது என்றார் தலைவர். நாலாம் வகுப்பில், யாருக்காவது நாய் மயிர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று அவருக்குத் தோன்றியது. மனைவியே எல்லார் கையிலும் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப்போய்ப் பார்த்தார். யாருக்கும் எந்த ஒவ்வாமையும் இல்லை, முடிவு சாருக்கு மட்டும் சாக்பீஸ் தூள் ஆகாது. ஐந்தாம் வகுப்பில் கேள்வி வேறு விதமாக வந்தது. குடும்பத்தோடு ஊர் சுற்றப் போனால் நாயை யார் பார்த்துக்கொள்வது? அந்தக் குடும்பம் ஊர் சுற்றப் போனதே கிடையாது. மலைக்கா கடற்கரைக்கா என்பது நிலுவையில் இருந்தது. பெரியவனை ஒரு ஆள் குழுவாக நியமித்து எந்த இனம் நல்லது என்று ஆராயச் சொன்னார். அவன் ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே மீசை முளைத்து, நாய் வேண்டாம் பைக் வாங்கிக் கொடுங்கள் என்று அறிக்கை கொடுத்தான்.

நாய் தன் பாட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. குரைப்புக்குப் பிறகு வாசனை வந்தது. மழை பெய்த நாளெல்லாம் நனைந்த நாயின் வாடை கூடத்தில் அடித்தது, பட்டறையில் இருந்த நாயை முகர்ந்து பார்த்தால் இரும்புத்தூள் வாசம் மட்டும் வருவதாக மாமா சொன்னார். பிறகு மயிர் வந்தது. சோபாவின் இடது மூலையில் பழுப்பு மயிர் உதிர்ந்து கிடந்தது. பெருக்கினால் மறுநாள் மறுபடி கிடந்தது. முடிவு சாரின் கறுப்புப் பேன்ட்டில் ஒட்டிக்கொண்டு ஓட்டல் கூடங்களுக்கும் போனது. ஒரு வகுப்பில், நாய் வச்சிருக்கீங்களா சார் என்று ஒருவர் கேட்க, அது பரிசீலனையில் இருக்கிறது என்று இவர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவருடைய நல்ல ஷூ ஒன்றின் குதிகாலில் பல் தடம் விழுந்தது. அதையும் அவர் பரிசீலனையில் வைத்துவிட்டுச் செருப்போடு வேலைக்குப் போனார்.

கூடத்தைப் பெருக்கியது யார் என்று கேட்க வேண்டியதில்லை. நாள் முழுக்கப் பிறர் கையில் நரம்பு தேடிவிட்டு வருகிற பெண், வந்ததும் பையை வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுப்பார். வராத நாயின் மயிரை முறத்தில் அள்ளிக்கொண்டு ஒருநாள் கணவர் முன்னால் வந்து நின்றார். அன்று கூட்டம் இல்லை, ஆகவே கையைத் தூக்கவில்லை.

"நாயோட வேலை எல்லாம் வந்துடுச்சு. நாய் மட்டும் வரல. இந்த வீட்ல எனக்கு எதுவுமே இப்படித்தான் வரும்."

இதை ஞாயிற்றுக்கிழமை எழுப்பலாமே என்றார் முடிவு சார். மனைவி முறத்தை அவர் மடியில் கவிழ்த்திருந்தால் கட்டடமே நியாயம் என்று சொல்லியிருக்கும். கவிழ்க்கவில்லை.

கட்டடச் சங்கத்தின் செயலாளரும் சும்மா இருக்கவில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் யாரும் பிராணி வளர்க்கக் கூடாது என்று விதி உண்டு. சட்டையை இன் பண்ணிக்கொண்டு, துணைக்கு இரண்டு பேரோடு சோதனைக்கு வந்தார். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார், துணி துவைக்கும் மெஷினுக்குள் தலையை விட்டார். முதுகுக்குப் பின்னால் குரைப்புக் கேட்டுத் துள்ளி விழுந்தார். நாயைப் பிடிக்க முடியாததால் குரைப்பு பிராணியா இல்லையா என்று சங்கத்தில் விவாதம் வைத்து, மூச்சு விட்டால்தான் பிராணி என்று தீர்த்தார்கள். ஆனாலும் செயலாளர் வருஷா வருஷம் நாலாம் மாடியில் நாய் இருக்கிறது என்று அறிவிப்புப் பலகையில் புகார் ஒட்டிக்கொண்டே இருந்தார்.

சின்னவள் எட்டாம் வகுப்புக்குப் போனபோது முடிவு சார் கடைசி ஆட்சேபத்தைக் கண்டுபிடித்தார். நாய் என்றாவது செத்துப்போகும்; பிள்ளைகளின் மனம் உடைந்துவிடும்; அந்தத் துயரத்திலிருந்து அவர்களைக் காப்பது தகப்பனின் கடமை. இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. தன் குரல் தழுதழுப்பதைக் கேட்டு அவரே கொஞ்சம் உருகினார். சின்னவள் கையைத் தூக்கினாள்.

"அப்பா, அதுக்கு வயசாயிட்டே போகுது. மயிரெல்லாம் வெள்ளையா கொட்டுது. முன்னாடி நாலு வாட்டி குரைக்கும், இப்ப ஒரு வாட்டிதான்."

புதிய தகவல் கிடைத்திருப்பதால் முழு விஷயத்தையும் முதலிலிருந்து ஆராய வேண்டும் என்று தலைவர் ஒத்திவைத்தார். இதை எழுதும்போதே அந்தக் கரண்டியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறியத் தோன்றுகிறது. யாரும் எறியவில்லை. ஒரு ஆளின் கையில் கரண்டி இருக்கிறது என்பதற்காக மூன்று பேர் அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருஷங்களில் ஒரு நாய் பட்டறை வாசலில், யாரோ தன்னைக் கூப்பிடப் போகிறார்கள் என்று, சாலையைப் பார்த்துக் காத்துக் கிடந்தது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு மதியம் சின்னவள் சாவியைத் துளையில் விட்டாள், குரைப்பு வரவில்லை. சாவியை எடுத்து மறுபடி விட்டாள். பிறகு கதவைத் திறக்காமலே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். வேலை முடிந்து வந்த அம்மா, பள்ளிச் சீருடையோடு இருட்டில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. மாமாதான். நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றார்.

முடிவு சார் நிலைமையின் தீவிரத்தை உணர்ந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். வார நாள் என்றும் பாராமல் டை கட்டினார், டம்ளரைத் தட்டினார், அவசரக் கூட்டம் என்றார். மனைவி உட்காரவில்லை.

"ஒத்திவைங்க. நான் போய்ட்டு வர்றேன்."

அடுத்த பஸ்ஸில் போனார், மறுநாள் மதியம் வந்தார். அந்த நேரத்தில் முடிவு சார் ஓட்டல் கூடம் ஒன்றில் "தயங்கியவன் தோற்றான்" என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். வண்டியிலிருந்து இறங்கிய நாய்க்கு முகமெல்லாம் நரை, ஒரு கண்ணில் பால் படர்ந்திருந்தது, உடம்பில் மயிர் திட்டுத்திட்டாகத்தான் இருந்தது. யாரும் வழி காட்டவில்லை. நாலு மாடியையும் மெதுவாக ஏறி, நேராகக் கூடத்துக்குப் போய், சோபாவின் இடது மூலையில் ஏறித் தன் மயிரின் மேலேயே படுத்தது. மாலைக்குள் மயிர் உடம்பில் ஒட்டிக்கொண்டது, வாசனையும் திரும்பியது. சின்னவள் கையை நீட்டினாள், கை காற்றில் போகாமல் நாயின் மேல் நின்றது. அவள் அழுதாளா என்று கேட்டால், அம்மாவும் அழுதார். பெரியவன் பைக் பேச்சை அந்த மாதம் எடுக்கவில்லை.

செயலாளர் விதியோடு வந்தார். கொண்டுவருவதற்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றார். "இது வந்து ஏழு வருஷமாச்சு சார். நீங்கதானே வருஷா வருஷம் எழுதி ஒட்டினீங்க" என்றார் வீட்டுக்காரம்மா. செயலாளர் அறிவிப்புப் பலகை வரை போய்ப் படித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். அதோடு அந்த விவகாரம் முடிந்தது.

கணவர் வந்ததும் வீட்டுக்காரம்மா இரண்டு விஷயம் சொன்னார். கூட்டிக்கொண்டு வந்தது நான், காலையில் கீழே கொண்டுபோய் அள்ளுவது நீங்கள். ஓட்டெடுப்பு நடக்கவில்லை. டம்ளர் நாய்க்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டதால் தட்டுவதற்கும் எதுவும் இல்லை. மறுநாளிலிருந்து முடிவு சார் டை கட்டிக்கொண்டு, ஒரு கையில் சங்கிலியும் மறு கையில் பிளாஸ்டிக் பையுமாகத் தெருவில் நிற்பதை எல்லாரும் பார்த்தோம். ஓட்டல் கூடங்களில் இதை முதிர்ந்த முடிவுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார் என்று கேள்வி.

நாய் தேறிவிட்டது, சாப்பிடுகிறது. மதியம் சின்னவள் சாவியைத் துளையில் விட்டால் கதவுக்கு அந்தப் பக்கம் வால் செருப்பு அலமாரியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கிறது. குரைப்பு மட்டும் வரவில்லை. கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்து, தொண்டையில் கோளாறு ஒன்றும் இல்லை, இருந்ததெல்லாம் செலவாகிவிட்டது என்றார். மணி அடித்தால் அது எழுந்துபோய்க் கதவைப் பார்த்து வாயைத் திறக்கும். ஒன்றும் வராததால் திரும்பி, வீட்டில் மற்றவர்களை விட்டுவிட்டு முடிவு சாரின் முகத்தையே பார்க்கும். முதலில் சில நாள் அவர் இருமிப் பார்த்தார். நாய் பார்வையை எடுக்கவில்லை.

நாலாம் மாடியில் மணி அடித்தால் இப்போது முடிவு சார்தான் குரைக்கிறார்.