வலி மாத்திரை கெடுத்த கடைசிக் காட்சி

1

இக்கதை ஒரு குற்றத்திலிருந்து பிறந்தது. குற்றவாளி நான். கிழநாய் ஒன்றின் வலியைக் காட்டிக் கைதட்டல் வாங்க நினைத்தேன். ‘துன்பம் விதியன்று, துடைக்கத்தக்கது’ என்று மேடைதோறும் முழங்கிய இதே வாய்தான்—

(இவ்வாக்கியத்தை முடிக்கத் துணிவில்லை. கிடக்கட்டும்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘நொண்டி வந்தது நாய், நாடே அழுதது.’ அழுதவர்கள் நாற்பது பேர். அவ்வரியை அடித்துவிட்டேன்.

எங்கள் நாடகக் குழுவுக்கு உடை தைப்பவர் என் அக்கா. அவர் வளர்க்கும் நாயைக் கிழவன் என்போம். என் நாடகத்தின் இறுதியில், வேலையிழந்த தொழிலாளியின் பின்னால் அவன் நொண்டி நடப்பான், அரங்கம் விம்மும். அந்த நொண்டலை எழுதியது அவன் இடுப்பு மூட்டின் வீக்கம். கீழே கையொப்பமிட்டவன் நான்.

3

அக்கா அவனைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார். வீக்கமும் வலியும் தணிய, நாய்களுக்கென்றே செய்த மாத்திரை வந்தது; நாளுக்கொன்று, உணவோடு. அடுத்த நாடகத்துக்கு ஐந்து நாள் இருந்தது.

தையல் அறைக்குப் போய் வாதாடினேன்.

“நாடகம் முடிஞ்சப்புறம் ஆரம்பிக்கலாமேக்கா. அஞ்சே நாள்.”

ஊசியைப் பல்லில் கடித்தபடி கேட்டார்: “போன மாசம் உனக்குப் பல்லு வலிச்சப்ப அஞ்சு நாள் பொறுத்தியா?”

“அது வேற.”

“வேறதான். உன் வலிக்கு மாத்திரை, அவன் வலிக்கு டிக்கெட்டா?”

“மக்களுக்காகத்தானே சொல்றேன்.”

“ஊருக்கு உபதேசம் அப்புறம் பண்ணலாம். அவன் சோத்துக் கிண்ணத்தை எடு.”

(இங்கே நான் நெடிய மறுமொழி உரைத்ததாக முந்தைய படியில் இருந்தது. பொய். கிண்ணத்தை எடுத்தேன்.)

4

ஐந்தாம் நாள் மாலை. தொழிலாளியாக நடித்த தபால்காரர், “எங்களுக்கு விடிவே இல்லையா?” என்று விம்மினார். பின்னாலிருந்து கிழவன் துள்ளிக்கொண்டு வந்தான். மேடையை இருமுறை சுற்றினான். முதலாளியாக நடித்த ரொட்டிக்கடைக்காரரின் சட்டைக்குள் தொப்பைக்காக வைத்திருந்த தலையணையைக் கவ்வி இழுத்தான்.

“டேய் கிழவா, குடுடா. மானம் போகுது.”

சுரண்டலின் தொப்பை ஒரே இழுப்பில் கழன்றது. பதினெட்டு வரி வசனத்தில் நான் செய்ய முயன்றதும் அதுதான். தபால்காரர் அழ மறந்து சிரித்தார். அரங்கம் எழுந்து நின்று சிரித்தது.

திரையோரம் நின்ற என் கையை அக்கா பற்றினார்.

“ஓடுறான்டா.”

“என் நாடகம்க்கா.”

“அது கிடக்குது. அவனைப் பாரு.”

பார்த்தேன்.

5

முடிவு ஒன்று: மாத்திரையை நிறுத்துகிறேன், நொண்டல் திரும்புகிறது, நாற்பது பேர் மீண்டும் அழு—

(வேண்டாம்.)

முடிவு இரண்டு: கிழவன் இளமையடைகிறான். இதுவும் பொய். மூட்டின் முதுமை போகவில்லை, வலிதான் தணிந்திருக்கிறது. குளிர்ந்த காலைகளில் இன்றும் மெல்லத்தான் எழுகிறான். எழுந்தபின் ஓடுகிறான்.

வரும் சனிக்கிழமை மீண்டும் நாடகம். கடைசிப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அத்தொழிலாளிக்கு என்ன விடிவு என்பதை வாசகரே, நீங்கள் எழுதுங்கள். கண்ணீர் வேண்டுமெனில் மனிதர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாய் நொண்டக் கூடாது.