பலூனுக்குச் சவரம்

சலூனில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எத்தனையோ கழுத்துகளில் சவரக்கத்தி ஓட்டிய கை. அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள், வாடிக்கையாளர் ஒருவரின் தொண்டையில் கத்தியை வைத்த நேரத்தில், காரணமே இல்லாமல் நெஞ்சு படபடத்தது. மூச்சு முட்டி, விரல்கள் மரத்தன. செத்தேன் என்று நினைத்தார். கை தவறினால் நாற்காலியில் இருப்பவரும் செத்தார் என்று தோன்றியது. கத்தியைப் போட்டுவிட்டுப் பின்னறைக்கு ஓடினார்.

பாதி முகம் நுரையோடு திகைத்து உட்கார்ந்திருந்தவரை மச்சான்தான் முடித்து அனுப்பினான். மனைவியின் தம்பி, பக்கத்து நாற்காலிக்காரன்.

இதய டாக்டர் சோதித்துப் பார்த்து, "இதயம் குதிரை மாதிரி இருக்கு" என்றார். குதிரை அடங்காமல்தானே வந்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்து மாஸ்டர் விழுங்கிக்கொண்டார். இன்னொரு டாக்டர் தூங்க மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது, பயம் போகவில்லை. போகப்போகக் கத்தியைப் பார்த்தாலே படபடப்பு வந்தது. தாடியோடு யார் நுழைந்தாலும் மச்சான் பக்கம் தள்ளிவிட்டார். கத்தி பிடிக்காதவனுக்கு இங்கே நாற்காலி எதற்கு என்ற கேள்வி அவரை அரித்தது.

கடைசியாக மனைவி இழுத்துப் போனது ஒரு பெண் மனநல ஆலோசகரிடம்.

"எனக்குப் பைத்தியமாம்மா?"

"இல்லைங்க. உடம்புல ஒரு அபாய மணி, தீ இல்லாமயே அடிக்குது. ஒவ்வொரு தடவையும் நீங்க ஓடுறதால, தீ இருக்குன்னே அது நம்பிடுது. அந்தப் படபடப்பை நாமளே வரவழைச்சு, ஓடாம நிக்கணும்."

"விரட்டச் சொல்லி வந்தா, வெத்தலை பாக்கு வச்சு அழைக்கச் சொல்றீங்களே!"

அந்தம்மா சிரித்தார். தொழில் எப்படிப் பழகினீர்கள் என்று கேட்டார். புதுக் கை முதலில் பலூனில்தான் பழகும், ஊதி, நுரை தடவி, வெடிக்காமல் மழிக்க வேண்டும் என்றார் மாஸ்டர். "அப்போ அதுலேர்ந்தே தொடங்குவோம்" என்றார் அவர்.

கடை திறக்குமுன் மாஸ்டர் படபடப்பை வரவழைக்க வேகவேகமாக மூச்சு வாங்குவார். தலை சுற்றும், நெஞ்சு அடிக்கும். அந்த நிலையிலேயே பலூனை மழிப்பார். ஒன்றுகூட வெடிக்கவில்லை. தைரியம் வந்து ஒரு தாடிக்காரரை உட்காரவைத்தார். கத்தி தோலைத் தொட்டதும் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பயம் பிடித்து உலுக்கியது. மறுபடியும் பின்னறை. இந்த வைத்தியமும் பொய்யா என்று அங்கே உட்கார்ந்து அழுதார்.

"எப்படிப் பழகினீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்று கேட்டார் ஆலோசகர். மாஸ்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"பிளேடு மாட்டினதைச் சொல்லலையே?"

மாஸ்டர் தலை குனிந்தார். இத்தனை நாளும் பிளேடு மாட்டாத வெறும் கத்திப்பிடியால்தான் நுரையை வழித்திருக்கிறார். தன்னையே ஏமாற்றத் தெரிந்த தொழில்காரர்!

மறுநாள் பிளேடு மாட்டினார். மாட்டும்போதே படபடப்பு வந்துவிட்டது, அழைக்கவே தேவையிருக்கவில்லை. கத்தி பலூனில் இறங்கியது. உள்ளே பூகம்பம், கையோ பழைய கைதான். பலூன் வெடிக்கவில்லை. பல நாள் அப்படியே பழகினார்.

ஒரு நாள் காலை மச்சான் தானாக வந்து நாற்காலியில் சாய்ந்தான். "பலூனுக்கு எதுக்கு மாமா தண்டச் செலவு? என் மண்டையிலயும் காத்துதான்னு அக்கா சொல்லுது."

கத்தி தாடையைத் தொட்டதும் அவன் கிண்டல் நின்றது. தொண்டைக் குழி ஏறி இறங்கி, அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்து மாஸ்டருக்குப் படபடப்பு வந்தது. மூச்சு முட்டியது, விரல் மரத்தது. செத்தேன். இவனும் செத்தான். என்னை நம்பித் தம்பியை விட்டவளுக்கு என்ன பதில் சொல்வேன்? கால் பின்னறைப் பக்கம் திரும்பிவிட்டது.

கத்தியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். ஓடவில்லை. எல்லோரிடமும் சொல்வதைப் பழக்கத்தில் வாய் சொன்னது: "மூச்சை அடக்காத மாப்ளே. தோல் இறுகிடும்."

சொன்ன பிறகுதான் தானும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. விட்டார். பயம் போகவில்லை, நெஞ்சின் மேலேயே உட்கார்ந்திருந்தது. இருக்கட்டும் என்று கத்தியை இறக்கினார். தாடையிலிருந்து கழுத்து வரை சுத்தமாக வழித்துக்கொண்டு வந்தது.

கண்ணைத் திறக்காமலே மச்சான் கேட்டான்: "முடிஞ்சுதா மாமா?"

"இன்னும் பாதி இருக்கு" என்று மாஸ்டர் அவன் முகத்தை மறுபக்கம் திருப்பினார்.