லிதாரிக்கு மூன்று நாள்

மூன்று நாள்தானே. பல் டாக்டரின் நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்துவிட்டு வந்துவிடலாம். வாயைத் திறக்கச் சொன்னால் திறக்க வேண்டும், மூடச் சொன்னால் மூட வேண்டும். திங்கட்கிழமை சாயங்காலம் கப்பல் ஏறினால் முடிந்தது. செவ்வாய்க்கிழமை நோட்டரி. அப்புறம் அவரவர் வீடு, அவரவர் சாவி.

எவாந்தியா இதைக் காலையிலிருந்து எத்தனை தடவை தனக்குள் சொல்லிக்கொண்டாளோ. கட்டிலின் மேல் துணிப்பை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. கம்பளிச் சட்டையை மடித்து வைத்தாள், எடுத்தாள், வேறு விதமாக மடித்து மறுபடி வைத்தாள். சமையலறையில் அவள் புருஷன் பாண்டெலிஸ் சீட்டியடித்துக்கொண்டிருந்தான். மீன் சினையை எலுமிச்சைச் சாறு விட்டு அடித்துக்கொண்டிருக்கும் சத்தமும் கூடவே கேட்டது. அவன் சந்தோஷமாக இருந்தான். அவள் சட்டையை மறுபடி வெளியே எடுத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவள் அவனிடம், "நான் தனியாப் போயிடறேன், பாண்டெலி" என்று சொன்னபோது அவன் கத்தவில்லை. ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்தான். பாதியை அவள் பக்கம் நகர்த்தினான். பல வாரம் கழித்து, "சரி, நீ சொல்ற மாதிரியே செய்யலாம். விவாகரத்துக்குக் கோர்ட்டு எதுக்கு? நோட்டரிகிட்ட ரெண்டு பேரும் போய் கையெழுத்துப் போட்டா ஆச்சு" என்றான். நாளும் அவனே குறித்தான். அவளால் நம்பவே முடியவில்லை. அதற்கடுத்த வாரம்தான் இதைக் கேட்டான். "நோன்பு ஆரம்பிக்கற சுத்தத் திங்களுக்கு லீவு வருதில்ல, லிதாரிக்குப் போயிட்டு வரலாம். எங்க அத்தை வீடு சும்மாத்தானே கிடக்கு. திரும்பி வந்தும் நீ இதையே சொன்னேன்னா, நான் ஒரு வார்த்தை பேசாம கையெழுத்துப் போட்டுடறேன்."

இதற்கு யார்தான் மாட்டேன் என்பார்கள்? அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையின் முதலாளியம்மா, "போயேன், உனக்கென்ன நஷ்டம்" என்றாள். எவாந்தியாவின் தங்கை போனிலேயே அழுதுவிட்டாள், எவ்வளவு நல்ல மனுஷன் என்று.

லிதாரி அவளுக்குத் தெரியாத தீவல்ல. கல்யாணமான புதிதில் அங்கேதான் கோடைகளைக் கழித்தார்கள். கோடையில் அது வேறு. குளிர்காலத்தில் மலையுச்சியிலிருக்கும் ஊரில் மொத்தமே ஒரு கைப்பிடி ஜனம், ஒரு ரொட்டிக்கடை, மாலையில் மட்டும் திறக்கும் ஒரு காப்பிக்கடை. மிச்சமெல்லாம் ஆடுகளும் பூட்டிய கதவுகளும். அத்தையின் வீடு ஊருக்கு வெளியே, கல்லால் கட்டியது. அங்கே போன் எடுக்காது. பேச வேண்டுமென்றால் மாதாகோவில் வரை ஏற வேண்டும்.

அவன் அவளை அடித்ததே இல்லை. யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அவளுக்கு எப்போதுமே தெரிந்ததில்லை. ஒரு ஆகஸ்டில் மலைப்பாதையில் காரை ஓரங்கட்டி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "நீ மன்னிப்புக் கேக்கற வரைக்கும் இங்கயே இருப்போம். அவசரமில்ல" என்றான். எதற்கு மன்னிப்பு என்பது இப்போது மறந்துவிட்டது. உச்சி வெயிலிலிருந்து பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வண்டி கடந்துபோனபோது அவன் அதற்குச் சிரித்துக் கையாட்டினான். கடைசியில் அவள் கேட்டாள். அவன் உடனே வண்டியை எடுத்து, அடுத்த ஊரில் அவளுக்குச் சுட்ட சோளம் வாங்கிக் கொடுத்தான். இந்தக் கதையை விருந்துகளில் அவனே சொல்வான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்தபடியே தன் கையைப் பார்ப்பாள், அது மேஜைத்துணியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு நாத்தனார் கரிஃபல்யா வந்தாள். பாண்டெலிஸுக்கு மூத்தவள், விதவை, இரண்டு தெரு தள்ளி இருப்பவள். கையில் கீரை அடை ஒரு தட்டு, எள் அல்வா ஒரு பொட்டலம்.

"இந்தா, கப்பல்ல சாப்பிடுங்க. அல்வாவை திங்கக்கிழமை வரைக்கும் பிரிக்கக்கூடாது, சொல்லிட்டேன். என் தம்பிக்கு சின்ன வயசுலயே திருட்டுக் கை."

"அக்கா, நீ மட்டும் யோக்கியமா? சினையை வழிச்சு நக்கினது யாரு?"

"நான் ருசி பாத்தேன். நீ சட்டியையே முழுங்கினே."

மூவரும் உட்கார்ந்தார்கள். தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கரிஃபல்யா தன் கீழ்வீட்டுக்காரி வாங்கிய புது நாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். செய்தி முடிந்து வானிலை வந்தது. திரையில் கடலின் படம் தெரிந்தது. பாண்டெலிஸ் கையை நீட்டி அதை அணைத்தான்.

"ஒரே புலம்பல்," என்றான். "அடையை எடு, அக்கா."

எவாந்தியாவின் கையிலிருந்த முள்கரண்டி அப்படியே நின்றது.

பாண்டெலிஸ் துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கொடுப்பவன். காற்றை அளக்கும் எண் எட்டைத் தொட்டால் எந்தக் கப்பலும் கிளம்பக் கூடாது என்று துறைமுகத்தார் தடை போட்டுவிடுவார்கள். லிதாரிக்குப் போகிற சின்னக் கப்பலுக்கு ஏழே போதும், கட்டிப்போட்டுவிடுவார்கள். குளிர்காலம் முழுக்க ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று திட்டுகிறவர்களுக்கு அதைச் சொல்வதுதான் அவன் பிழைப்பு. இந்த வீட்டில் வானிலை வந்தால் பாதிரியாரே வந்திருந்தாலும் வாயை மூட வேண்டும். ஒருமுறை அவளுடைய அப்பாவின் சாவுச் செய்தி வந்த போனைக்கூட அவன் கையை உயர்த்தி, ஒரு நிமிஷம் என்று நிறுத்திவைத்தவன்.

"உப்பு பத்தலையா?" என்று கரிஃபல்யா கேட்டாள்.

"இல்ல அண்ணி, நல்லா இருக்கு."

அவள் ஒரு வாய் தின்றாள். பிறகு, குளிர்கிறது, சால்வை எடுத்து வருகிறேன் என்று எழுந்தாள்.

படுக்கையறைக் கதவைச் சாத்தவில்லை. சாத்தினால் அவன் எழுந்து வருவான். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் நின்று போனில் காற்றின் படத்தைத் திறந்தாள். அவளுக்கும் படிக்கத் தெரியும், அவனோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா? நாளைக்கு ஐந்து, கடல் கொஞ்சம் குலுக்கும், கப்பல் போகும். நாளை இரவிலிருந்து படம் சிவந்திருந்தது. அதற்கப்புறம் சிவப்பும் போய் ஊதா. எட்டு, ஒன்பது, வடக்கிலிருந்து. அவள் விரலால் நகர்த்திக்கொண்டே போனாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். நிறம் மாறவே இல்லை.

அப்படியானால் நாளைக் காலைக் கப்பல்தான் கடைசி. அது அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும்.

அவன் பார்த்திருக்க மாட்டானோ, என்று ஒரு கணம் நினைத்தாள். நினைப்பை அவளே விட்டுவிட்டாள். முகம் கழுவுவதற்கு முன்னால் காற்றைப் பார்க்கிற ஆள். ஊரில் யார் பயணம் வைத்தாலும், "ஞாயிற்றுக்கிழமை உன்னால திரும்ப முடியாது, போகாதே" என்று கூப்பிட்டுச் சொல்கிற ஆள்.

"என்ன, இவ்வளவு சின்னப் பையா?" கரிஃபல்யா கதவருகில் நின்றிருந்தாள். "இன்னொரு கம்பளி வை கண்ணு. அங்க குளிரு எலும்பைத் தின்னும்."

"மூணு நாளைக்கு எதுக்கு, அண்ணி?"

"மூணு நாளா? அவன் எங்கிட்ட பெரிய பானையை வாங்கிட்டுப் போயிருக்கான். பருப்பு, எண்ணெய், மெழுகுவத்தின்னு ஒரு பெட்டி நிறைய கட்டி வச்சிருக்கான். அந்த ரொட்டிக்கடைக்காரன்கிட்ட விறகு வேற சொல்லியாச்சாம். 'ஏண்டா, குடும்பத்தோட குடியேறப் போறியா'ன்னு கேட்டேன்." அவள் சிரித்தாள். "'மாட்டிக்கிட்டா நல்லதுதானே அக்கா, நிதானமாப் பேசலாம்'ங்கறான். பாரு, இந்த வயசுல என்ன காதல்."

எவாந்தியா சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். கட்டிலின் மேல் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது, அதனால் உட்காரவில்லை.

அவன் அங்கே என்ன செய்வான்? ஒன்றும் செய்ய மாட்டான். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். அடுப்பை மூட்டுவான், பருப்பு வேகவைப்பான், அவள் தோளில் போர்வையை இழுத்துவிடுவான். கதவைக்கூடப் பூட்ட மாட்டான். பூட்ட என்ன அவசியம்? கதவுக்கு வெளியே காற்று நிற்கும், காற்றுக்கு அப்பால் கடல். அவன் எதிரே உட்கார்ந்து காத்திருப்பான். செவ்வாய்க்கிழமை அங்கேயே கடந்துபோகும்.

அவளை உறைய வைத்தது அதுகூட இல்லை. அவள் தன்னையே நினைத்துப் பயந்தாள். முதல் நாள் பேசாமல் இருப்பாள். இரண்டாம் நாள் அழுவாள். அதற்கப்புறம் ஒரு மத்தியானம், ஜன்னல் பலகைகள் அடித்துக்கொண்டிருக்கும்போது, அவள் வாயே அந்த வார்த்தையைச் சொல்லிவிடும். சரி, பாண்டெலி, நான் போகவில்லை, என்னை மன்னித்துவிடு. சொன்ன மாத்திரத்தில் மனசு லேசாகிவிடும். அந்த நிம்மதியை அவள் ஏற்கெனவே ஒருமுறை ருசித்திருக்கிறாள். ஊருக்குத் திரும்பும்போது கப்பலில் அவன் தோளில் சாய்ந்திருப்பாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவளும் அதையேதான் சொல்வாள்.

"என்னம்மா, முகம் ஏன் வெளுத்துப் போச்சு?"

"அண்ணி, இன்னிக்கு ராத்திரி நான் உங்க வீட்டுல வந்து படுத்துக்கட்டுமா?"

கரிஃபல்யாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. "என்ன பேச்சு இது? விடிஞ்சா கப்பலு."

சமையலறையிலிருந்து பாண்டெலிஸின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் உள்ள என்ன சதி பண்றீங்க? காப்பி ஆறிப்போகுது."

எவாந்தியா நாத்தனாரை முன்னே விட்டுப் பின்னால் நடந்தாள். மேஜையில் மூன்று கிண்ணங்கள். அவளுடையதில் அவனே சர்க்கரை போட்டு வைத்திருந்தான், அவளுக்குப் பிடித்த அளவு. அவள் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள், வாசல் பக்கம் இருந்த நாற்காலி அது.

"பை கட்டியாச்சா?"

"இல்ல."

"நான் கட்டவா? உனக்குத்தான் மடிக்கவே வராதே."

"நான் லிதாரிக்கு வரலை, பாண்டெலி."

அவன் காப்பியை ஒரு வாய் உறிஞ்சினான். கிண்ணத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். "காத்துக்குப் பயந்துட்டியா? நான் இருக்கேனில்ல."

அவள் காற்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

"என்ன காத்து?" என்று கரிஃபல்யா கேட்டாள். அவள் தம்பியைப் பார்த்தாள். அணைந்து கிடந்த திரையைப் பார்த்தாள். அவளும் ஒரு மாலுமியின் மனைவியாக இருந்தவள்தான். அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்தது, வந்ததும் அவளே அதைத் தள்ளிவிட்டாள். தள்ளியதை எவாந்தியா பார்த்தாள்.

"அப்ப செவ்வாய்க்கிழமை நானும் வரலைன்னா?" அவன் குரல் ஏறவே இல்லை. "அதை யோசிச்சியா?"

"யோசிச்சேன். கோர்ட்டுக்குப் போவேன். நாளாகும்." விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது. "ஆகட்டும்."

"அக்கா, நீயே கேளு. நான் என்ன கேட்டுட்டேன் இவகிட்ட? கொலையா பண்ணச் சொன்னேன்?"

கரிஃபல்யா எழுந்து வந்து எவாந்தியாவின் கையைப் பிடித்தாள். அவள் கை சூடாக, மாவு வாசத்தோடு இருந்தது. அதில் அப்படியே முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"கண்ணு, ஆம்பளைங்க கேக்கறதே அபூர்வம். இவன் கேக்கறான். என் முகத்துக்காகவாவது போயிட்டு வாயேன்."

எவாந்தியாவின் நெஞ்சு அடித்துக்கொள்வது அந்தக் கை வழியாக நாத்தனாருக்கும் தெரிந்திருக்கும். பயம் கொஞ்சமும் குறையவில்லை. குறைகிற மாதிரியும் இல்லை. அவள் தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"உங்களுக்காகக்கூட முடியாது, அண்ணி," என்றாள்.