நோலீனின் இஞ்சித் துண்டுகள்

வியாழக்கிழமை மதியம், புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பவுல்ஸ் கிளப்பில் ஆட்டம் முடிந்ததும் தேநீர். ஆளுக்கொரு தட்டு பலகாரம் கொண்டுவர வேண்டும். தட்டு மாறிப் போகாமலிருக்க அடியில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருப்பார்கள். அந்தப் பெயரே நோலீன் பாஸ்கோவுக்கு வினையாகப் போனது.

முன்பெல்லாம் அவளுடைய இஞ்சித் துண்டுகள்தான் முதலில் தீரும். பிஸ்கட்டின் மேல் கெட்டியான இஞ்சிப் பாகு. அந்த வருடமோ தட்டு போனது போனபடியே திரும்பி வந்தது. காரணம் ஊருக்கே தெரியும். கணவன் டெஸ் எலும்புப் புற்றுநோயில் கிடந்தபோது, கள்ளத்தனமாக வாங்கிய கஞ்சா எண்ணெயைக் கொடுத்துத்தான் அவனைத் தூங்கவைத்தாள். அவன் போன பிறகு, கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்க வேண்டும் என்று சனிக்கிழமைதோறும் மளிகைக் கடை வாசலில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்துவிட்டாள். நியூசிலாந்து முழுக்க அதற்கு வாக்கெடுப்பு வரவிருந்த வருடம். பக்கத்தில் டெஸ்ஸின் நாற்காலியையும் விரித்து வைப்பாள். அதில் ஒருவரும் உட்காரவில்லை.

கிளப்பில் யாரும் அவளைத் திட்டவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்குத் திட்ட வராது, விலகத்தான் வரும்.

"இஞ்சி எனக்கு இப்பல்லாம் ஒத்துக்கறதில்ல, நோலீன்" என்றார் கசாப்புக் கடை கிரஹாம். அவர் கையில் வேறொருத்தி செய்த இஞ்சி கேக் இருந்தது.

அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பெவ்தான் தாங்க முடியாத வலி. இருவரும் ஜோடியாக ஆடிக் கோப்பை வாங்கியவர்கள். கணவன் காலினோடு வந்து, டெஸ்ஸின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நோலீனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் பெவ்.

"ஜோடிய மாத்திக்கணும்னு கமிட்டி சொல்லுது" என்றாள் பெவ், முகத்தைப் பார்க்காமல்.

"கமிட்டியே நீதானடி."

"அதான் சொல்றேன்."

அதன் பிறகு நோலீன் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தாள். வீட்டுக்குப் போய் மிச்சத் துண்டுகளைத் தானே தின்றாள். இஞ்சி என்றாலே குமட்ட ஆரம்பித்தது. ஆனாலும் வியாழன் வந்தால் செய்தாள். வெறுங்கையோடு போனால் தோற்றதாகிவிடும்.

கடை வாசல் மேசையில் மட்டும் நிலைமை கொஞ்சம் மாறியது. மர ஆலை மேஸ்திரி ஒருவர் ஆளில்லாத நேரம் பார்த்து வந்து, முதுகுவலியைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனார். அடுத்த வாரம் ஒரு துண்டறிக்கையை எடுத்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, செய்தித்தாளுக்குள் செருகிக்கொண்டார். பிறகு தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் பெண்மணி வந்தாள். "கஞ்சா வச்சிருந்தான்னு என் மகனைப் பிடிச்சு உள்ள வச்சாங்களே, அதோட அவன் வேலையே போச்சு" என்று நின்ற வாக்கில் அழுதாள். நோலீன் யாரிடமும் வாதாடவில்லை. டெஸ் தூங்கிய கதையைச் சொன்னாள், கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள்.

அப்போதுதான் கிளப்பில் அவள் தட்டிலிருந்து துண்டுகள் குறையத் தொடங்கின. ஒரு வாரம் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு ஒரு கைப்பிடி. எடுத்தவர் யாரென்று தெரியவில்லை. ஊர் மனசு மாறுகிறது என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையைச் சொல்லிக்கொள்ளத்தான் ஆளில்லை.

வாக்கெடுப்பில் தோற்றார்கள், நூலிழையில். ஊரிலும் தோல்விதான், ஆனால் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் ஆம் என்று குத்தியிருந்தார்கள். வானொலி அதைச் சொன்னபோது சமையலறையில் அவளும் கெட்டிலும்தான் இருந்தார்கள்.

அடுத்த வியாழன், கிளப்பில் நோலீன் தேநீர்க் கோப்பை கழுவிக்கொண்டிருந்த இடத்துக்குப் பெவ் வந்து கதவைச் சாத்தினாள்.

"நான் ஆமாம்னுதான் குத்தினேன்" என்றாள். "உன் துண்டு எடுத்ததும் நான்தான். எல்லாத்தையும்."

"எல்லாத்தையுமா?"

"காலினுக்கு. இடுப்பு வலி அவனைக் கொல்லுது. உன் துண்டு தின்னா விடியற வரைக்கும் தூங்கறான். நீ டெஸ்ஸுக்குச் செஞ்ச மாதிரியே செய்யறேன், பக்கத்துல உக்காந்துக்கிட்டு."

ஊர் மனசு என்று அவள் நினைத்தது ஒரே ஒருத்தியின் கைப்பை. பேசாமல் இருந்துவிடலாம், பெவ் திரும்பி வந்துவிட்டாள், அது போதாதா? நோலீனுக்கு அப்படியே விட்டுவிடத்தான் ஆசை. ஆனால் வருடம் முழுக்க ஊரிடம் உண்மை சொல்லியிருக்கிறாள்.

"அதுல எண்ணெயெல்லாம் இல்ல, பெவ். வெறும் இஞ்சி."

பெவ் கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "என்னைக் கோமாளியாக்கிட்ட" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

சனிக்கிழமை தூறல். வாக்கெடுப்பே முடிந்த பிறகு எதற்கு மேசை என்று நோலீனுக்கே தெரியவில்லை. வீட்டிலிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்பதால் வந்தாள். நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு எழுதி வைத்திருந்தாள், பழக்கத்தில் இரண்டு நாற்காலி விரித்திருந்தாள். எல்லோரும் தலை குனிந்து கடைக்குள் ஓடினார்கள்.

தெருவுக்கு அந்தப் பக்கம் பெவ்வின் கார் வந்து நின்றது. அவள் ஊர் பார்க்கத் தெருவைக் கடந்து வந்து டெஸ்ஸின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வெறும் இஞ்சின்னு சொல்லிட்டேன், காலின்கிட்ட. சிரிச்சான். அப்புறம் ரெண்டு ராத்திரியா தூக்கமில்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நிஜமான எண்ணெய் வலிக்குக் கேக்குமா?"

"டெஸ்ஸுக்குக் கேட்டது. காலினுக்குக் கேக்குமான்னு எனக்குத் தெரியாது."

பெவ் தலையாட்டினாள். கடையிலிருந்து கிரஹாம் வெளியே வந்தார். அந்த நாற்காலியில் யார் என்று பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன முழிக்கறே, கிரஹாம்?" என்றாள் பெவ். "வந்து கையெழுத்துப் போடு."

நோலீனின் கண்ணைக் கண்ணீர் மறைத்தது. தடவித் தடவிப் பேனாவைத் தேடினாள்.